மாடும் தானியமும் கிளம்பிப் போன பிறகு... ஒரு தொட்டிக்கட்டு வீட்டின் கதை!

“நெலவோட சேத்துக் கதவு, எட்டுத் தூணு, மேல இருக்கற உத்தரம்... இதுக்கு மட்டும் ஒரு வெல சொல்லுங்க. செவுரு, ஓடெல்லாம் எங்களுக்கு வேண்டாமுங்க.”

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே ஒரு தோட்டத்துக்குள் இருக்கிறது என் அம்மா பிறந்த வீடு. அதன் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, பழைய மரம் வாங்கும் வியாபாரி ஒருவர் போன மாதம் சொன்ன வார்த்தைகள் இவை. பெரிய மாமா பதில் சொல்லவில்லை. சின்ன மாமா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அம்மா மட்டும், “கதவைக் கழட்டிட்டா அப்புறம் அது ஊடாங்க?” என்று கேட்டார்.

உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒரு வீடு இருக்கலாம். தாத்தா பாட்டி போன பிறகு பூட்டிக் கிடக்கும். பொங்கலுக்கும் கோயில் நோம்பிக்கும் மட்டும் திறப்பீர்கள். பக்கத்திலேயே மாமாவோ சித்தப்பாவோ கட்டிய காங்கிரீட் வீடு இருக்கும். ‘இடிச்சிடலாமா, இல்ல ஏதாவது பண்ணி வெச்சுக்கலாமா’ என்ற பேச்சு ஒவ்வொரு விசேஷத்திலும் கிளம்பி, காப்பி ஆறுவதற்குள் அடங்கிவிடும். அந்தப் பேச்சு முடிவுக்கு வரும் முன், அந்த வீடு எதற்காகக் கட்டப்பட்டது, அதன் ஒவ்வொரு பகுதியும் என்ன வேலை செய்தது என்று ஒருமுறை பார்த்துவிடலாம். எங்கள் வீட்டை அளந்து, படம் வரைந்து, பெரியவர்களிடம் கேட்டு நான் தெரிந்துகொண்டதில் முக்கியமானது இதுதான்: பழைய விவசாய வீடு மனிதர்கள் வசிப்பதற்காக மட்டும் கட்டப்பட்டதில்லை. மாடு, தானியம், மழை ஆகிய மூன்றையும் கவனித்துக்கொண்டு, மிச்சமிருந்த இடத்தில்தான் ஆட்கள் இருந்தார்கள்.

ஊருக்குள் இல்லை, தோட்டத்துக்குள்!

தஞ்சைப் பக்கம் போனால் விவசாயியின் வீடு ஊருக்குள், தெருவில் இருக்கும். வயல் ஊருக்கு வெளியே இருக்கும். கொங்குப் பகுதியில் பெரும்பாலும் அப்படிக் கிடையாது. நிலம் வைத்திருப்பவர் தன் நிலத்துக்கு நடுவிலேயே, கிணற்றுக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டார். ‘ஊரு’ என்றால் கோயில், கடை இருக்கும் இடம். ‘தோட்டம்’ என்றால் வீடும் காடும் சேர்ந்த இடம். இன்றைக்கும் எங்கள் பக்கம் முகவரி கேட்டால் தெருப் பெயர் வராது, தோட்டத்தின் பெயர்தான் வரும்.

காரணம் தண்ணீர். மேற்கு மலைகளின் மழை மறைவில் இருக்கும் காங்கேயம், தாராபுரம் பகுதியில் தென்மேற்குப் பருவத்தில் காற்றுதான் வரும், மழை அதிகம் வராது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் அந்தக் காற்றை நம்பித்தான் இந்தப் பக்கம் இத்தனை காற்றாலைகள். விவசாயம் ஐப்பசி, கார்த்திகை மழையையும் கிணற்றையும் நம்பி நடந்தது. கிணற்று நீரைக் கவலை கட்டி இறைக்க வேண்டும். ஒரு ஜோடி எருது சரிவில் இறங்கி நடக்க, தோல் பை நிறைய தண்ணீர் மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். எருது பின்னோக்கி ஏற, பை கீழே இறங்கும். விடியும் முன்பே தொடங்கினால்தான் வெயில் ஏறுவதற்குள் ஒரு பகுதியாவது நனையும். இந்த வேலையை வைத்துக்கொண்டு ஊருக்குள் குடியிருக்க முடியாது.

அதனால் வீடு என்றால் சுவருக்குள் இருப்பது மட்டுமில்லை. சுற்றிலும் கிளுவை வேலி. அதற்கு அந்தப் பக்கம் கொரங்காடு என்று சொல்லும் மேய்ச்சல் நிலம். அதில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும். வேலிக்குள் வந்தால் களம், சோளத்தட்டுப் போர், ஆட்டுப்பட்டி, மாடு கட்டும் கட்டுத்தரை. இவ்வளவையும் தாண்டித்தான் வாசல் வரும். எங்கள் வீட்டில் கட்டுத்தரை மட்டுமே வீட்டின் நீளத்துக்கு இருக்கிறது. நான் டேப் வைத்து அளந்தேன். அப்புச்சி தூங்கிய அறையைவிட, காங்கேயம் எருதுகள் நின்ற இடம் மூன்று மடங்குக்கு மேல் பெரியது!

அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஒரு நல்ல ஜோடிதான் அன்றைக்கு பம்ப்செட், டிராக்டர், லாரி எல்லாமே. காங்கேயம் இனத்தைத் தேர்ந்து வளர்த்துப் பேர் வாங்கிக் கொடுத்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கன்னபுரம் மாட்டுச் சந்தையில் வாங்கிய எருதின் சுழி, கொம்பு, விலை எல்லாவற்றையும் அப்புச்சி சாகும்வரை மறக்கவில்லை. என் பிறந்தநாள் அவருக்குத் தெரியாது.

நடுவில் ஒரு தொட்டி

வாசலிலிருந்து நாலு படி ஏறினால் திண்ணை. திண்ணைக்கு நடுவே தலைவாசல். நிலவு உயரம் ஐந்தரை அடிதான். குனிந்துதான் போக வேண்டும். ‘வர்றவங்க பணிவா வரணும்னுதான் அந்தக் காலத்துல அப்படி வெச்சாங்க’ என்று ரீல்ஸில் சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. மண்சுவரில் பெரிய ஓட்டை போட்டால் மேலே இருக்கும் பாரத்தைத் தாங்க நீளமான, கனமான மரம் வேண்டும் என்பதும், சின்னக் கதவாக இருந்தால் வெயிலும் புழுதியும் திருடனும் உள்ளே வருவது கஷ்டம் என்பதும்தான் எனக்குச் சரியான காரணமாகப் படுகிறது.

கதவைத் தாண்டினால் ஆசாரம். விருந்தாளி உட்கார்வது, கல்யாணம் பேசுவது, பஞ்சாயத்து நடப்பது எல்லாம் இங்கேதான். ஆசாரத்துக்கு எதிரே, வீட்டின் வயிற்றில், வானத்துக்குத் திறந்த ஒரு சதுரப் பள்ளம். அதுதான் தொட்டி. அதைச் சுற்றி நாலு பக்கமும் தாவாரம், தாவாரத்தைத் தாங்கும் எட்டு மரத் தூண்கள். (வியாபாரி விலை கேட்டது இவற்றைத்தான்.) தாவாரத்தை ஒட்டிச் சுற்றிலும் உள்வீடு, சமையலறை, தானிய அறை. வீட்டுக்கே ‘தொட்டிக்கட்டு வீடு’ என்ற பெயர் இந்தப் பள்ளத்தால்தான் வந்தது.

தொட்டி இருப்பதால் வீடு ஏசி போட்டதுபோல இருக்கும் என்று சொல்வார்கள். பாதி உண்மை. சூடான காற்று லேசானது. அது தொட்டி வழியாக மேலே போகும்போது திண்ணைப் பக்கமிருந்தும் பொடக்காளிப் பக்கமிருந்தும் காற்று உள்ளே வரும். ஒன்றரை அடி, இரண்டு அடி கனமுள்ள சுவர், பகல் வெயிலை உள்ளே விட நேரம் எடுத்துக்கொள்ளும். மத்தியானம் வீடு குளுகுளுவென்று இருப்பது இதனால்தான். ஆனால், உள்ளே வாங்கிய சூட்டைச் சுவர் ராத்திரியில் மெதுவாக வெளியே விடும். சித்திரை மாதம் ஆண்கள் எல்லாரும் வாசலில் கட்டில் போட்டுப் படுத்ததற்கு நிலா ரசனை மட்டும் காரணமில்லை! பெண்களுக்கு அந்த வாய்ப்பும் கிடையாது; அவர்களுக்குத் தாவாரம்தான்.

தொட்டியின் இன்னொரு வேலை மழை. உள்பக்கம் சரியும் நாலு கூரைகளின் தண்ணீரும் தொட்டியில் விழும். மழைக்காலத்தில் நாலு மூலையிலும் அண்டா வைப்பார்கள். அந்தத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகும் என்று அம்மாயி சொல்வார். கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊரில் அது உண்மைதான். கடின நீரில் பருப்பு வேக நேரம் எடுக்கும். நிரம்பி வழியும் தண்ணீர் ஒரு கல் தூம்பு வழியாக வெளியே போய், பொடக்காளியில் இருக்கும் முருங்கைக்கும் கருவேப்பிலைக்கும் சேரும்.

வீட்டிலேயே நல்ல அறை எது தெரியுமா? தானிய அறை. ஜன்னல் கிடையாது. தரை மற்ற அறைகளைவிட ஒரு முழம் உயரம். உள்ளே ஆள் உயர மண் குதிர்கள், மூங்கிலில் பின்னிச் சாணியும் மண்ணும் பூசிய தொம்பைகள். குதிரின் மேல்வாயில் கம்போ சோளமோ கொட்டி, கீழே இருக்கும் துளையைத் திறந்து எடுப்பார்கள். பழைய தானியம் முதலில் தீர வேண்டும் என்பதற்காகத்தான் துளையைக் கீழே வைத்தது. மேலே அட்டாலியில் விதை, வெங்காயம், புளிப் பானை. சமையலறைக்குப் பக்கத்தில் இந்த அறை இருப்பதும் தற்செயல் இல்லை. அடுப்பின் சூடு ஒரு பக்கச் சுவரைக் காய்ந்தே வைத்திருக்கும், ஈரம் ஏறாது. மனிதர் படுக்கும் அறைக்கு இவ்வளவு யோசனை செலவழித்த மாதிரித் தெரியவில்லை.

காலடி மண், பக்கத்து ஓடை, நாலு பனை

கட்டின பொருள் எதுவும் தூரத்திலிருந்து வரவில்லை. மண்ணை வெட்டித் தண்ணீர் ஊற்றி, மாடுகளை விட்டு மிதித்துப் புளிக்கவைத்து, ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு அடி உயரம் என்று சுவர் வைப்பார்கள். அது காய்ந்த பிறகுதான் அடுத்த படை. அவசரப்பட்டால் சுவர் பிதுங்கிவிடும். வசதியானவர்கள் பச்சைச் செங்கல்லோ சுட்ட செங்கல்லோ வைத்தார்கள். அடித்தளத்துக்குக் கருங்கல். எங்கள் பக்கம் கல்லுக்குப் பஞ்சமே இல்லை. வேலிக்கால், மாடு கட்டும் முளை, தண்ணித் தொட்டி எல்லாமே கல்.

சுண்ணாம்புக்கு, ஓடைப் பக்கமும் காட்டிலும் கிடைக்கும் சுக்கான் கல்லைப் பொறுக்கி வந்து காளவாயில் சுட்டு எடுத்தார்கள். மணலோடு கலந்து, செக்குப் போன்ற வட்டப் பள்ளத்தில் கல் உருளையை மாடு இழுக்க அரைப்பார்கள். கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் வெல்லமும் சேரும். கூரைக்குப் பனை. நன்றாக முற்றிய, வைரம் பாய்ந்த பனையைப் பிளந்து எடுக்கும் பனங்கைகள்தான் உச்சியிலிருந்து இறவாணம் வரை இறங்குகின்றன. நிலவுக்கும் கதவுக்கும் தூணுக்கும் மட்டும் தேக்கு, வாகை, வேம்பு. இதில் ஒரு கணக்கு இருக்கிறது: கண்ணுக்குத் தெரியும் இடத்தில் விலையுள்ள மரம், தெரியாத இடத்தில் உழைக்கும் மரம். வியாபாரி பனங்கை பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஓட்டில் இருக்கும் வருஷத்தை நம்பாதீங்க!

வீடு எப்போது கட்டியது? எங்கள் பத்திரத்தில் இல்லை. பெரும்பாலான பண்ணை வீடுகளுக்கு அப்படி எழுத்து ஆதாரம் இருக்காது. அதனால் நிறையப் பேர் கூரையில் ஏறி ஓட்டைத் திருப்பிப் பார்த்து, ‘1865’ என்று இருக்கிறது, ஆகவே வீட்டுக்கு 160 வயது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம் அது. அந்தக் கம்பெனி ஓடுகளில் அந்த வருஷத்தையே அச்சாகப் பதித்தார்கள். வேறு சில மங்களூர் கம்பெனிகளும் தொடங்கிய வருஷத்தை இப்படிப் பதித்தன. ஆக, ஓட்டில் இருப்பது கம்பெனியின் பிறந்த வருஷம். உங்கள் வீட்டின் பிறந்த வருஷம் இல்லை.

அதோடு, எங்கள் பக்கம் ‘சீமை ஓடு’ என்று சொல்லும் அந்தத் தட்டை ஓடு, பல வீடுகளில் இரண்டாவது கூரை. முதலில் இருந்தது நாட்டு ஓடு. குயவர் சக்கரத்தில் குழாய் மாதிரி வனைந்து, காய்வதற்கு முன் நீளவாக்கில் பிளந்து சுடுவது. அதற்கும் முன்னால் பனையோலை அல்லது தட்டு வேய்ந்த கூரை இருந்திருக்கலாம். எங்கள் வீட்டில் இதைக் கண்டுபிடித்த விதம் சுவாரஸ்யமானது. தொட்டியைச் சுற்றிய கூரையில் சீமை ஓடு. கட்டுத்தரையின் ஒரு மூலையில் மட்டும் இன்னும் நாட்டு ஓடு. அதாவது, காசு வந்தபோது முதலில் வீட்டுக்கு ஓடு மாற்றி, மாட்டுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். மாட்டுக்குப் பதிலாக மனிதருக்கு முன்னுரிமை கிடைத்த ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும்.

காசு எங்கிருந்து வந்தது என்பதற்குப் பருத்தியும் புகையிலையும் பதில் சொல்லும். கோவையில் முதல் நூற்பாலை 1888-ல் வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி பரவிய பிறகு, தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீருக்கே புது மதிப்பு வந்தது. உங்கள் வீட்டின் வயதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் ஒரு தேதியைத் தேடாதீர்கள். எத்தனை தடவை மாற்றிக் கட்டியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். செங்கல் அளவு மாறும் இடம், சுண்ணாம்பு முடிந்து சிமென்ட் தொடங்கும் கோடு, தூணில் பழைய துளை இருந்தும் அதில் எதுவும் மாட்டாமல் இருப்பது... இவையெல்லாம் தேதிகள்தான்.

இந்த ஊர்களின் பழைய வாழ்க்கையை எழுத்தில் பார்க்க வேண்டுமென்றால் மூன்று பேரைத் தேடலாம். 1800-ல் இந்தப் பகுதி வழியாகப் பயணம் செய்து எழுதிய பிரான்சிஸ் புக்கானன். 1887-ல் கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு எழுதிய எஃப்.ஏ.நிக்கல்சன், 1960-களில் காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் தங்கி ஆராய்ந்து, 1972-ல் கொங்கு விவசாய சமூகத்தைப் பற்றிப் புத்தகம் வெளியிட்ட மானுடவியலாளர் பிரெண்டா பெக்.

யார் எதுவரை வரலாம்?

இதைச் சொல்லாமல் வீட்டின் வரைபடம் முழுமையாகாது. பழைய வீடுகளைப் பற்றி எழுதும்போது நாம் வசதியாக விட்டுவிடும் பகுதி இது.

வாசல், திண்ணை, ஆசாரம், தொட்டி, உள்வீடு என்று ஒவ்வொன்றும் ஒரு படி உயரம். ஒவ்வொரு படியிலும் சிலர் நின்றுவிட வேண்டும். பண்ணையத்துக்கு வந்த அருந்ததியர் குடும்பத்துப் பெரியவர் கட்டுத்தரை வரைதான் வரலாம். அவருக்குக் கூழ் ஊற்றியது தனி ஏனத்தில். அது பொடக்காளிச் சுவரில் செருகியிருக்கும். அந்தச் சுவரில் செருகும் மாடம் இன்னும் இருக்கிறது. சின்ன வயதில் நான் அதை விளக்கு வைக்கும் மாடம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் அளவெடுத்தபோது, “இங்க எதுக்கும்மா வெளக்கு?” என்று கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னார்.

யோசித்துப் பாருங்கள். கவலைக்கான தோல் பையைத் தைத்ததும், கிழிந்தால் ஒட்டுப்போட்டதும் அவர்கள்தான். அந்தப் பை இல்லாவிட்டால் இந்தத் தோட்டத்தில் ஒரு பாத்தி நனைந்திருக்காது. அதே கிணற்றில் அவர்கள் கை வைத்துக் குடிதண்ணீர் சேந்த முடியாது. யாராவது ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும்.

வீட்டுப் பெண்களுக்கும் எல்லைக்கோடு உண்டு. வெளி ஆண்கள் ஆசாரத்தில் இருந்தால், பெண்கள் தொட்டிக்கு அந்தப் பக்கம். மாதத்தில் மூன்று நாள் பொடக்காளித் திண்ணை. ‘எவ்ளோ அழகான ஊடு’ என்று நான் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னது இது: “போட்டா புடிக்கறதுக்கு நல்லாத்தாங் கண்ணு இருக்கும். வாரத்துக்கு ரெண்டு தடவ சாணி போட்டு இத்தன நீளத்தையும் வழிச்சவளைக் கேட்டுப் பாரு.”

வீட்டுக்கு வேலை போன கதை

1930-கள் கொங்கு விவசாய வீட்டைப் பொறுத்தவரை ஒரு திருப்பம். பைக்காரா மின்சாரம் கோவைச் சமவெளிக்கு இறங்கியது அந்தப் பத்தாண்டில்தான். மதுக்கரையில் சிமென்ட் ஆலை வந்ததும் அப்போதுதான். மின்சாரம் மெதுவாகக் கிணற்றடி எருதுகளின் வேலையை எடுத்துக்கொண்டது. சிமென்ட், சுண்ணாம்புக் காளவாயின் வேலையை. ஒரே நாளில் இல்லை. எங்கள் தோட்டத்தில் மோட்டார் வந்தது அம்மா பள்ளிக்கூடம் போகும்போதுதான். அப்புறம் டிராக்டர் வந்தது. உழவு மாடு போனது. கம்பும் சோளமும் குறைந்து, ரேஷன் அரிசி வந்தது, குதிர் காலியானது. கேஸ் அடுப்பு வந்தது. அதை யாரும் வீட்டுக்குக் கெடுதல் என்று நினைக்கவே இல்லை, நினைக்கவும் கூடாது. அம்மாயியின் இருமல் குறைந்ததே அதனால்தான். ஆனால், விறகடுப்புப் புகை படிந்து படிந்துதான் கூரை மரத்தில் வண்டு ஏறாமல் இருந்தது. புகை நின்ற சில வருஷங்களில் சமையலறைப் பனங்கையிலிருந்து மாவு கொட்ட ஆரம்பித்தது.

சாணி போடும் ஆள் இல்லாததால் தரை வெடித்தது. மாடு இல்லாததால் சாணியும் இல்லை. புரட்டாசியில் கூரை ஏறி ஓடு மாற்றும் வழக்கம் விட்டுப்போனது. ஆடிக் காற்றில் நகர்ந்த ஓடு நகர்ந்தபடியே கிடந்தது. ‘வயசாயிடுச்சு, விழுந்திடுச்சு’ என்று இந்த வீடுகளைப் பற்றிச் சொல்கிறோம். வயது காரணமில்லை. தினமும் யாராவது எதற்காகவாவது கை வைத்துக்கொண்டே இருந்ததால் நின்ற வீடு இது. அந்த வேலைகள் ஒவ்வொன்றாக நின்றதும், வீட்டைத் தாங்கிய கைகளும் நின்றுவிட்டன.

வைத்துக்கொள்வதாக இருந்தால்...

முதலில் பார்க்க வேண்டிய இடம் கூடல்வாய். இரண்டு கூரைச் சரிவுகள் உள்மூலையில் சேரும் பள்ளம் அது. தொட்டிக்கட்டு வீட்டில் அப்படி நாலு மூலை. மொத்தக் கூரைத் தண்ணீரும் அங்கேதான் சேர்ந்து ஓடுவதால் ஒழுகல் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். அதற்கு அடியில் இருக்கும் மூலைக் கைமரம் உளுத்தால் இரண்டு கூரையும் சேர்ந்து இறங்கும். முழு வீட்டையும் சரிசெய்யப் பணமில்லை என்றால் இந்த நாலு மூலையை மட்டுமாவது இந்த மழைக்கு முன் பாருங்கள்.

இரண்டாவது, மண்சுவருக்கும் சுண்ணாம்புச் சுவருக்கும் சிமென்ட் பூசாதீர்கள். ‘ஸ்ட்ராங்கா இருக்கட்டும்’ என்று பலர் செய்யும் தப்பு இது. சின்ன மாமாவும் செய்தார். மண்சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், வெளிப்பக்கமாக ஆவியாக விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, சுவரின் அடிப்பகுதி கரையும். சில வருஷத்தில் சிமென்ட் பாளம் பாளமாக, மண்ணையும் பிடுங்கிக்கொண்டு விழும். பிளாஸ்டிக் பெயின்ட்டும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்யும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான் ஒட்டும்.

மூன்றாவது, சுவருக்கு வெளியே தண்ணீர் தேங்காமல் பாருங்கள். காங்கிரீட் பாதை போட்டுப் போட்டு வாசல் மட்டம் ஏறியிருக்கும். மழைத் தண்ணீர் வீட்டுப் பக்கம் திரும்பும். மண்வெட்டி எடுத்து ஒருநாள் வேலை செய்தாலே வீட்டின் ஆயுள் கூடும்.

இடிப்பது என்று முடிவானாலும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு நோட்டை எடுத்து, ஒவ்வொரு அறையையும் அளந்து படம் போடுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் வீட்டில் என்ன பெயர் சொன்னார்கள் என்று எழுதுங்கள். மரத்தைக் கழற்றுவதாக இருந்தால் எந்தத் தூண் எங்கே நின்றது என்று எண் போட்டுக் கழற்றச் சொல்லுங்கள். எண் போட்ட தூணை வேறு இடத்தில் வீடாக நிறுத்த முடியும். போடாத தூண் ஏதோ ஓர் உணவகத்தின் வரவேற்பறைக்குத்தான் போகும். சென்னைக்கு வெளியே முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில் தென்னகத்தின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். ஒருமுறை போய்வந்தால், உங்கள் வீட்டில் எதைப் பார்க்க வேண்டும் என்பது பிடிபடும்.

தொட்டிக்குக் குறுக்கே ஒரு கோடு

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இந்த வீடுகளுக்கு கரையானைவிடப் பெரிய சிக்கல், பாகம். ஒரு அடுப்பு, ஒரு தொட்டி, ஒரு தலைவாசல் என்று கட்டிய வீட்டை மூன்றாகப் பிரிக்க வழியில்லை. பக்கத்துத் தோட்டத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர் தொட்டிக்கு நடுவிலேயே ஹாலோபிளாக் சுவர் வைத்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் வெளிச்சம் போய், மழைத் தண்ணீர் ஒரு பக்கம் மட்டும் தேங்கி, இப்போது இரண்டு பேருமே அங்கே இல்லை.

முன்பெல்லாம் இந்தப் பேச்சில் பெண்களைக் கூப்பிடவே மாட்டார்கள். பூர்விகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை தரும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுக்க 2005-லும் வந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டைப் பாகம் பிரிக்கச் சொல்லி மகள் கேட்க முடியாது, ஆண் வாரிசுகள் பிரிக்க முடிவுசெய்யும்வரை காத்திருக்க வேண்டும் என்று வாரிசுச் சட்டத்தில் இருந்த 23-வது பிரிவும் 2005-ல்தான் நீக்கப்பட்டது. ஆக, இன்றைக்கு என் அம்மா கையெழுத்துப் போடாமல் அந்தக் கதவு கழன்று வராது.

ஆனால், அம்மா என்ன செய்வார் என்று எனக்கே தெரியவில்லை. பெரிய மாமாவுக்கு மகள் கல்யாணம் இருக்கிறது. மரத்துக்கு வரும் பணம் அவருக்குத் தேவைதான். சின்ன மாமாவுக்குக் கார் நிறுத்த இடம் வேண்டும். நானோ வருஷத்துக்கு இரண்டு நாள் வந்து படம் எடுத்துவிட்டுப் போகிறவள். ஓடு மாற்றக் கூலி எவ்வளவு என்று நான் கேட்டபோது, மூன்று பேருமே என்னைப் பார்த்த பார்வையில் அது புரிந்தது.

ஓடு மாற்றத் தெரிந்தவர் சுற்றுவட்டாரத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அவருக்கும் வயதாகிவிட்டது, ஏணி ஏற மகன் விடுவதில்லை. கீழே நின்று சொல்லித் தருகிறேன், யாராவது பையன் ஏறினால் போதும் என்றிருக்கிறார். வியாபாரி தீபாவளி கழித்து மறுபடி வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். அதுவரைக்கும் என்று, தென்மேற்கு மூலைக் கூடல்வாய்க்கு மேலே நீலத் தார்ப்பாயை விரித்து, நாலு பக்கமும் கல் வைத்துவிட்டு வந்தோம். ஏணியைப் பிடித்துக்கொண்டது சின்ன மாமா.